கோதுமை தொடாத மெத்து ரொட்டி: சேலத்து அடுப்படியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வருடத்துக்கு முன்னால் என் தங்கை மகனுக்குச் செலியாக் நோய் என்று டாக்டர் சொன்னார். அப்போது அவனுக்கு வயது 9. கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் ஆகாது. இட்லி, தோசை, இடியாப்பம் என்று ஏகப்பட்ட வழி இருக்கிற ஊரில் இது ஒரு பிரச்சினையா என்றுதான் முதலில் நினைத்தேன். பையன் அழுதது சப்பாத்திக்காக. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் டப்பாவைத் திறந்து சுருட்டித் தின்கிறார்கள், எனக்கு மட்டும் தினமும் சாதமா என்றான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. முதல் மாதம் நான் சுட்டதெல்லாம் தட்டுவடைக்குத் தங்கச்சி. மேலே பீட்ரூட், கேரட் துருவி, இரண்டு சட்னி தடவி செட் போட்டு விற்றிருந்தால் நாலு காசாவது பார்த்திருக்கலாம். இப்போது அவன் டப்பாவில் சுருட்டின ரொட்டிதான் போகிறது. தெருவில், சொந்தத்தில், போனில் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, கோதுமை ஒரு பிடி கூடச் சேர்க்காமல் ரொட்டி மெத்தென்று வருமா? உண்மையைச் சொல்லுங்கள்.

வரும். ஆனால் சப்பாத்தியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட வேண்டும்.

கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி ரப்பர் மாதிரி ஒரு வலை உண்டாகிறது. அதுதான் குளூட்டன். செலியாக் உள்ளவர்களின் குடலுக்கு ஆகாததும் அதுதான். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், ஆவியைப் பிடித்து வைத்து உப்பும். சோளத்திலும் கம்பிலும் கேழ்வரகிலும் அந்த வலை கிடையாது. பச்சைத் தண்ணீரில் எத்தனை நேரம் பிசைந்தாலும் ஈர மணல்தான். சப்பாத்திக்குப் பிசைந்த பழக்கத்தில் நாம் இன்னும் பிசைகிறோம், இன்னும் மாவு தூவுகிறோம், கடைசியில் அப்பளம் வருகிறது.

இதற்கு வழி நமக்குப் புதிதே இல்லை. கொழுக்கட்டைக்கு என்ன செய்கிறோம்? தண்ணீரைக் கொதிக்க வைத்து அரிசி மாவைப் போட்டுக் கிளறுகிறோம். இடியாப்பத்துக்குக் கொதிக்கும் நீரை ஊற்றிப் பிசைகிறோம். களி கிண்டுவதும் அதேதான். சூட்டில் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்கிப் பசையாகிறது. குளூட்டன் செய்கிற வேலையில் பாதியை அந்தப் பசை செய்துவிடும். ஆக, ரொட்டி மாவைக் கல்லில் போடுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை பாதி வேகவைத்துவிட வேண்டும். ‘பச்சைத் தண்ணியில பெசஞ்சா பச்சையாத்தாண்டி இருக்கும்’ என்று என் மாமியார் முதல் வாரமே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

எந்தத் தானியத்தில் தொடங்குவது?

கேழ்வரகில் தொடங்குங்கள். வெந்நீர் பட்டதும் நன்றாகப் பசை விடும், கை பழகாதவர்களையும் மன்னிக்கும். சேலம் பக்கம் ராகிக் களி கிண்டாத வீடு முன்பெல்லாம் கிடையாது. அதனால் அதன் பதம் பார்த்தாலே நமக்குத் தெரியும். குறை என்றால் நிறம். சின்னப் பிள்ளைகள் கறுப்பு ரொட்டி என்று ஒதுக்கும்.

கை பழகியபின் வெள்ளைச் சோளம். வட கர்நாடகத்தில் ஜோளத ரொட்டி, மராட்டியத்தில் பாக்ரி என்று தினச் சாப்பாடே அதுதான். சுவையும் நிறமும் கோதுமைக்குக் கிட்டே வரும், மேலே உப்பியும் வரும். ஆனால் மாவு புதிதாக இருக்க வேண்டும். அரைத்து இரண்டு மாதமான சோள மாவில் அந்த ஊர்ப் பெண்களே ரொட்டி தட்டுவதில்லை, விரிந்து விரிந்து போகும். சோளம் என்று நான் சொல்வது நம் நாட்டுச் சோளம். மக்காச்சோளம் வேறு, கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்.

கம்பு மூன்றாவது. மணம் அதற்குத்தான். குளிர்காலத்தில் கம்பு ரொட்டியில் நெய் தடவிக் கொடுத்தால் எங்கள் வீட்டில் கணக்கில்லாமல் போகும். மாவு சீக்கிரம் கெடும் என்பதால் மூன்றாவது இடம்.

சரி, அளவு சொல்லுங்கள்.

200 மில்லி பிடிக்கிற டம்ளர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே டம்ளரால் மாவு ஒன்று, தண்ணீர் ஒன்று. ஆறு அங்குல ரொட்டி ஐந்து அல்லது ஆறு வரும். கம்பு என்றால் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட மாவு அதிகம் குடிக்கும். அதனால் பக்கத்தில் கொஞ்சம் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும்.

அடி கனமான பாத்திரத்தில் தண்ணீர், உப்பு, ஒரு சின்னக் கரண்டி எண்ணெய். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், ஓரத்தில் குமிழி வந்தால் போதாது. அடுப்பைச் சிறிதாக்கி மாவு முழுவதையும் ஒரே தடவையில் நடுவில் கொட்டுங்கள். உடனே கிளறாமல் அரை நிமிடம் விடுங்கள். பிறகு களி கிண்டுகிற கட்டையாலோ கரண்டிக் காம்பாலோ நாலு சுற்று. உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குச் சேர்ந்ததும் அடுப்பை அணைத்து, தட்டுப் போட்டு மூடி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் கொடுப்பதில்லை. பாதிப் பேருடைய ரொட்டி கெடுவது இங்கேதான். உள்ளே இருக்கிற ஆவியில் மாவு வெந்து ஊறுவது அப்போதுதான்.

கை பொறுக்கிற சூட்டில் தாம்பாளத்தில் கொட்டி, உள்ளங்கையை ஈரமாக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் தேய்த்துத் தேய்த்துப் பிசையுங்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ள வேண்டும். குளூட்டன் இல்லாத மாவை ஏன் பிசைய வேண்டும் என்று கேட்கலாம். வெந்த இடம், வேகாத இடம், தண்ணீர் பட்ட இடம், படாத இடம் என்று திட்டுத்திட்டாக இருப்பதை ஒன்றாக்கத்தான். ஒரு சின்ன உருண்டை எடுத்து விரலால் அமுக்கிப் பாருங்கள். ஓரம் வெடிக்காமல் அமுங்கினால் பதம் சரி. காது மடல் மாதிரி இருக்க வேண்டும் என்று பலகாரக்காரர்கள் சொல்வார்கள், அது இதற்கும் பொருந்தும்.

பிசைந்ததை ஈரத்துணியால் மூடி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சுடலாம் என்று போய்விடாதீர்கள். ஆறிய மாவு இறுகும். இறுகிவிட்டால் வெந்நீர் தெளித்து மறுபடி பிசைந்துதான் ஆக வேண்டும்.

ஓரமெல்லாம் வெடிக்கிறதே?

தண்ணீர் பற்றவில்லை, அல்லது தண்ணீர் கொதிக்கவில்லை, அல்லது பிசைந்தது பற்றவில்லை. இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள். ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுப் பிசைந்து ஒரே ஒரு ரொட்டி தட்டிப் பாருங்கள். மீதியை அதற்கப்புறம் தீர்மானிக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் லேசாக வெடித்தால் டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து அமுக்கி வட்டமாக வெட்டிவிடுங்கள். விருந்தாளி வந்தால் நான் செய்வது அதுதான்.

கட்டையால் தேய்ப்பதா, கையால் தட்டுவதா?

இரண்டும் சரி. தட்டத் தெரிந்தவர்களுக்கு அதற்கு ஈடு இல்லை, ஆனால் அந்தக் கை வர வருடமாகும். எனக்கு வந்ததெல்லாம் பால் கவர் வழிதான். கவரைக் கத்தரித்து விரித்துக் கழுவி, லேசாக எண்ணெய் தடவி, உருண்டையை நடுவில் வைத்து, மேலே இன்னொரு கவர் போட்டுத் தட்டையான தட்டால் ஒரே அமுக்கு. பிறகு கட்டையால் இரண்டு உருட்டு. மாவு தூவவே வேண்டாம். உலர்ந்த மாவு தூவத் தூவ ரொட்டி வறண்டு போகும். வாழையிலையில் தட்டினால் இன்னும் நல்லது, இலையோடு கல்லில் கவிழ்த்து, ஒட்டு விட்டதும் இலையை உரித்துவிடலாம். பிளாஸ்டிக்கை மட்டும் சூட்டுக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ரொட்டியை உள்ளங்கைக்கு மாற்றித்தான் கல்லில் போட வேண்டும்.

கனம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். சப்பாத்தி மாதிரி மெல்லிசாக இழுக்கப் பார்த்தால் அப்பளம்தான்.

கல்லில் போட்டதும் காய்ந்து போகிறது. என்ன செய்ய?

தீ சிறிதாக இருக்கிறது. ‘கருகிடுமோ’ என்ற பயத்தில் சிறு தீயில் வைத்து வைத்துச் சுட்டால் உள்ளே இருக்கிற ஈரம் முழுக்கப் போய்விடும். இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓட வேண்டும். ரொட்டியைப் போட்ட உடனே மேல் பக்கம் முழுவதும் ஈரத் துணியால் ஒரு ஒற்று. வட கர்நாடகத்தில் சோள ரொட்டிக்கு இதைத் தவறாமல் செய்வார்கள். அந்தத் தண்ணீர்ப் பளபளப்பு மறைந்ததும் திருப்புங்கள், அதிகம் போனால் முக்கால் நிமிடம். அடுத்த பக்கம் ஒரு நிமிடம். மறுபடி திருப்பி, மடித்த துணியால் ஓரங்களை அமுக்கினால் நடுவில் எழும்பும். அவ்வளவுதான். மொத்தம் இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஒரு ரொட்டி கல்லில் இருக்கக் கூடாது.

சுட்டதைத் தட்டில் பரப்பி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். துணி விரித்த ஹாட் பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடுங்கள். அதன் ஆவியிலேயே அது இன்னும் பதமாகும்.

உப்பவே இல்லையே?

உப்பாவிட்டாலும் மெத்தென்று இருக்கலாம். ராகி ரொட்டி உப்பாததற்கு வருத்தப்படாதீர்கள். சோளத்தில் எதிர்பார்க்கலாம்.

ஒட்டுவதற்கு ஏதாவது சேர்க்கலாமா? இணையத்தில் சாந்தன் கம் என்கிறார்கள்.

சேலத்தில் இருந்துகொண்டு சாந்தன் கம் தேடுவானேன்? ஊரைச் சுற்றிலும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. ஆத்தூர்ப் பக்கம் போனால் ரோட்டோரத்திலேயே ஜவ்வரிசி ஆலை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோது சேலத்தில் மரவள்ளியில் செய்ய ஆரம்பித்தார்கள். 1981-இல் உற்பத்தியாளர்களுக்கென்றே சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் வந்தது. நம் ஊர்ச் சரக்கே முதல் தரமான பசை.

செய்முறை இப்படி. ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடியாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி பொடி. கொதிக்க வைக்கப் போகிற அதே ஒரு டம்ளர் தண்ணீர் ஆறியிருக்கும்போதே பொடியைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறினால் கண்ணாடி மாதிரிக் கூழாகும். நன்றாகக் கொதி வந்ததும் அதில் மாவைக் கொட்ட வேண்டியதுதான். சோளத்துக்கும் கம்புக்கும் இது கைகண்ட வழி. மடித்தாலும் உடையாது. அளவை மீறினால் மட்டும் ரொட்டி இழுவையாக, பல்லில் ஒட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது, மருந்துக் கடையில் கிடைக்கிற இசப்கோல். மலச்சிக்கலுக்கு வாங்குகிற அதே உமிதான். டம்ளருக்கு ஒரு டீஸ்பூன். மாவில் கலந்து வெந்நீர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். நிறையத் தண்ணீர் இழுக்கும் என்பதால் கால் டம்ளர் கூடுதலாகத் தேவைப்படும். டப்பாவில் சுருட்டி அனுப்புகிற ரொட்டிக்கு நான் இதைத்தான் போடுகிறேன், மதியம் வரை வளைகிறது. மணமோ ருசியோ மாறுவதில்லை. சுவை சேர்த்த பொட்டலம் வாங்கிவிடாதீர்கள். என் தங்கை ஒரு தடவை ஆரஞ்சு வாசனையில் ராகி ரொட்டி சுட்டாள்.

வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துச் சேர்ப்பதும் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அது வேறு பலகாரமாகத் தோன்றுவதால் அதிகம் செய்வதில்லை.

சாமை, தினை, வரகில் ரொட்டி வருமா?

தனியாகச் செய்தால் பொலபொலவென்று போகும். பாதிக்குப் பாதி ராகி மாவோடு கலந்தால் வரும். இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. சாமையைக் குழையச் சோறாக்கி, சூட்டோடு மசித்து, பிடிக்கிற அளவுக்குச் சாமை மாவு தூவிப் பிசைந்து தட்டுவது. கன்னட நாட்டில் அரிசி ரொட்டிக்குச் சோறு சேர்க்கிற அதே சூட்சுமம். அதில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், முருங்கைக் கீரை போட்டால் தொட்டுக்கொள்ளவே ஒன்றும் வேண்டாம்.

ஏற்காட்டில் இருக்கிறோம். அதே அளவில்தான் செய்கிறேன், கீழே அம்மா வீட்டில் வருகிற மாதிரி இங்கே வருவதில்லை. மலைத் தண்ணீர் காரணமா?

தண்ணீரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். அந்த ஐந்து டிகிரி குறைவதால் மாவு வேகாமல் போகாது, ராகியின் மாவுச்சத்து 75 டிகிரிக்குள்ளாகவே பசையாகத் தொடங்கிவிடும். உங்கள் எதிரி குளிர். மார்கழிக் காலையில் சில்லென்று இருக்கிற எவர்சில்வர் பாத்திரத்தில் சில்லென்ற மாவைப் போட்டு வெந்நீரை மேலே ஊற்றினால், ஊற்றின நொடியிலேயே சூடு இறங்கிவிடும். மாவு நனையும், வேகாது.

கீழே ஊற்றிப் பிசைகிற முறையே ஓடிவிடும். மலையில் அடுப்பின் மேலேயே கொதிக்கிற நீரில் மாவைக் கொட்டிக் கிளறுவதுதான் நிச்சயம். கிளறியபின் இரண்டு நிமிடம் மிகச் சிறு தீயில் மூடி வையுங்கள். பிறகு பாத்திரத்தோடு ஒரு கம்பளித் துண்டில் சுற்றி வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பிசையுங்கள். பிசைகிற தாம்பாளத்தையும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலை ஊர்களில் ராகியும் சாமையும் நெடுநாளாக விளைகிற தானியங்கள். மலைக்காரர்கள் களியை அடுப்பிலிருந்து இறக்காமலே கிண்டி முடிக்கிறார்கள் என்றால் சும்மாவா?

இன்னொன்று, அங்கே ஹாட் பாக்ஸையும் முதலில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு அடுக்குங்கள்.

மாவு எங்கே வாங்குவது, எங்கே அரைப்பது?

வயிற்றுக்குக் கோதுமை ஆகாதவர்கள் இல்லாத வீடென்றால் இதில் பேச ஒன்றுமில்லை. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் தானியம் மொத்தமாகக் கிடைக்கும், இல்லையென்றால் உழவர் சந்தை. சுத்தம் செய்து தெரு மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் அரைத்த கையோடு மட்டும் போடச் சொல்லாதீர்கள்.

செலியாக் உள்ளவர்களுக்கு இது உயிர்க் கேள்வி, அதனால் நீளமாகவே சொல்கிறேன். முதல் வருடம் நான் ராகியைக் கழுவிக் காயவைத்து, பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பொறுக்கி, மில்லில் கொடுத்து அரைத்து வந்தேன். ரொட்டி பஞ்சு. இரண்டாம் நாள் பையனுக்கு வயிறு உப்பிப் பேதி. ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. எனக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்த மாவு மெஷினுக்குள் ஒட்டியிருந்தது என் ராகியோடு வந்துவிட்டது. எந்த மில் என்பது முக்கியமில்லை. எங்கேயும் அப்படித்தான் நடக்கும். குளூட்டன் இல்லாதது என்று உணவுப் பொட்டலத்தில் போட வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சட்டம். மில் தூசிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. முதலில் ஒரு கிலோ அரிசியை ஓட்டிவிட்டு அரைத்தால் குறையும், போகாது.

அதனால் எங்கள் வீட்டில் எல்லாம் மிக்ஸிதான். ராகியைக் கழுவி, நிழலும் வெயிலுமாகக் காயவைத்து, கைப்பிடி கைப்பிடியாக ஓட்டி, மெல்லிய சல்லடையில் சலித்து, கப்பியை மறுபடி போட்டு அரைக்க வேண்டும். சோளம் கெட்டி, பொறுமை வேண்டும். இரண்டு வருடம் கழித்து வீட்டில் வைக்கிற சின்ன மாவு மெஷின் வாங்கினோம், அதில் இன்றுவரை ஒரு மணி கோதுமை விழுந்ததில்லை. தானியத்தைத் தட்டில் பரப்பிப் பொறுக்கவும் வேண்டும், மூட்டையிலேயே கோதுமை மணி கலந்து வருவது சகஜம். சப்பாத்திப் பலகை, கட்டை, சல்லடை மூன்றும் தனி. மரத்தின் ரேகையில் பழைய கோதுமை மாவு எத்தனை கழுவினாலும் இருக்கும்.

கம்பு மாவு கசக்கிறது. தானியமே அப்படியா?

மாவு பழசு. மற்ற தானியங்களைவிடக் கம்பில் கொழுப்பு கூடுதல், நூற்றுக்கு ஐந்து பங்கு வரை இருக்கும். அரைத்த பிறகு அது சீக்கிரம் சிக்கு அடித்துக் கசந்துவிடும். ஒரு வாரத்துக்கு மட்டும் அரையுங்கள், மீதி கம்பாகவே இருக்கட்டும். மாவை ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். கடையில் வாங்கும் முன் முடிந்தால் முகர்ந்து பாருங்கள்.

முளைகட்டிய ராகி மாவு சத்து என்கிறார்களே, அதில் செய்யலாமா?

கஞ்சிக்கு அருமை. ரொட்டிக்கு ஆகாது. முளைக்கும்போது உண்டாகிற நொதிகள் மாவுச்சத்தை உடைத்துவிடுகின்றன, வெந்நீர் பட்டதும் பசையாவதற்குப் பதில் இளகி நீர்த்துப் போகும். கையில் அப்பிக்கொள்ளும், கல்லிலும் அப்பிக்கொள்ளும். வேண்டுமானால் டம்ளருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்துகொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சிவக்க வறுத்த மாவிலும் ஒட்டு குறையும், அதுவும் ரொட்டிக்கு உதவாது.

செலியாக் உள்ளவர்கள் கம்பு தொடக் கூடாது என்று தமிழில் ஒரு பட்டியலில் படித்தேன். நீங்கள் கம்பு ரொட்டி கொடுப்பதாகச் சொல்கிறீர்களே?

நல்ல கேள்வி. இது மொழிபெயர்ப்பால் வந்த வினை. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்றும்தான் ஆகாதவை. ரை என்பது குளிர் நாடுகளில் ரொட்டிக்கு விளைவிக்கிற, கோதுமைக்கு நெருங்கிய சொந்தமான தானியம். நம் ஊரில் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். அதைத் தமிழில் எழுதும்போது சிலர் கம்பு என்று போட்டுவிடுகிறார்கள். நம் கம்பில் குளூட்டன் கிடையாது. தாராளமாகச் சாப்பிடலாம்.

பட்டியலில் யாரும் போடாத ஒன்றைச் சொல்கிறேன்: பெருங்காயம். கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ரொட்டிக்கு இத்தனை பாடுபட்டுவிட்டு, தொட்டுக்கொள்கிற பருப்பில் அதைப் போட்டால் எல்லாம் வீண். டப்பாவின் பின்னால் படித்துப் பாருங்கள், அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. அதே மாதிரி ராகி சேமியா, ராகி பிஸ்கட், மல்டிகிரெய்ன் ஆட்டா என்று பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பலவற்றில் கோதுமைதான் பெரும்பங்கு. ஓட்டலில் ராகி ரொட்டி என்று தருவதிலும் கோதுமை கலப்பது உண்டு, கேட்காமல் வாங்காதீர்கள்.

எனக்கும் வயிறு உப்புசம். இன்றிலிருந்தே கோதுமையை நிறுத்திவிடட்டுமா?

நிறுத்துவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். செலியாக் ரத்தப் பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். முன்னாலேயே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். எங்கள் பையனுக்கே அந்தக் குழப்பத்தில் ஒரு வருடம் தள்ளிப்போனது.

சர்க்கரை இருக்கிறவர்கள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாமா? தைராய்டு?

இஷ்டத்துக்கு என்பது கிடையாது. எந்தச் சிறுதானிய மாவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. நைசாக அரைத்து, வெந்நீரில் வேகவைத்து, மறுபடி கல்லில் சுட்டது சீக்கிரம் செரிக்கும். இரண்டு ரொட்டி, நிறையக் காய், ஒரு கிண்ணம் பயறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இதை மருந்து மாதிரி விற்கிறார்கள். ராகியில் கால்சியம் நிறைய உண்டு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அது உண்மை. சர்க்கரையை விரட்டும் என்பதெல்லாம் வியாபாரம்.

கம்பில் தைராய்டு வேலையைத் தடுக்கக்கூடிய சில பொருள்கள் உண்டு. அயோடின் உப்புச் சேர்க்கிற வீட்டில் எப்போதாவது சாப்பிட்டால் பயமில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் கம்பே என்று வைத்துக்கொள்ளாமல், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைத் தொட்டுக்கொள்ள?

ராகிக்குக் கீரைக் கடைசல், நிலக்கடலைச் சட்னி. சோளத்துக்குக் கத்திரிக்காய். கம்புக்குக் கொள்ளுப் பருப்பு, கூடவே பச்சை வெங்காயம். மாம்பழக் காலத்தில் எங்கள் பையன் சோள ரொட்டியில் பழத்தை வைத்துச் சுருட்டித் தின்கிறான். பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறது, தின்று பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

காலையில் சுட்டது மதியம் டப்பாவில் விறைத்துப் போகிறதே? ஃபிரிட்ஜில் வைத்தால்?

ஆறும்போது பசையான மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்ளும். பழைய சோறு விறைப்பதும் இதனால்தான். ஃபிரிட்ஜில் அது இன்னும் வேகமாக நடக்கும், அதனால் அங்கே வைக்காதீர்கள். இசப்கோல் சேர்த்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, சூடு இருக்கும்போதே சுருட்டி, வாழையிலையிலோ துணியிலோ இறுக்கமாகப் பொதிந்து அனுப்புங்கள். சுருட்டிவிட்டால் விறைத்தாலும் சுருட்டின வடிவிலேயே விறைக்கும், விரிக்கும்போது உடைவதில்லை. நிறையச் செய்து வைக்க வேண்டுமென்றால் முக்கால் பதம் சுட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாழையிலைத் துண்டு வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டும்போது எடுத்து, இரண்டு பக்கமும் தண்ணீர் தடவி, காய்ந்த கல்லில் போட்டு மூடி வைத்தால் ஒரு நிமிடத்தில் இளகிவிடும். இட்லிப் பானையில் இரண்டு நிமிடம் வைத்து எடுப்பது இன்னும் சுலபம். அப்படியும் மிஞ்சி விறைத்ததை நான் பிய்த்துப் போட்டு, வெங்காயம் தக்காளி வதக்கி, கொத்து ரொட்டியாக்கிவிடுவேன். ராத்திரி அதற்குத்தான் சண்டை நடக்கும்.